வழி சொன்ன விறலி: கிட்டி கார்லைல் ஹார்ட்டின் வாழ்வும் கலைப்பணியும்



பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை நாம் அறிவோம். அவற்றுள் திருமுருகாற்றுப்படை அருள் வேண்டுவோரை முருகனிடம் செலுத்துவது. ஏனைய நான்கும் கலைஞரைக் கலைஞர் ஆற்றுப்படுத்துவன. ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞரைக் கண்டு, தாம் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, இன்ன வள்ளலிடம் இன்ன வழியே செல்க என்று நெறிப்படுத்துவதே ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோரை இத்துறைக்கு உரியவராகத் தொல்காப்பியர் புறத்திணையியலில் எண்ணுகிறார். இவ்வளவும் மாணவர் தேர்வுக்காக மனத்தில் இருத்தும் செய்திகள்.

ஆனால் இந்த இலக்கணத்துக்குள் ஒரு வினா மறைந்திருக்கிறது. பரிசில் பெற்றவர் ஏன் வழியில் நிற்க வேண்டும்? அவர் வேண்டியது அவர் கையில் இருக்கிறது. சுற்றம் வீட்டில் காத்திருக்கிறது. முன்பின் அறியாத ஒருவருக்காக அவர் நிற்கிறார். நிற்பதோடு அமையாமல் விரிவாகவும் பேசுகிறார். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. அதன் பெரும்பகுதி வழியைப் பற்றியதே. எந்த இடத்தில் கால் வழுக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், எங்கே எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என அனைத்தும் அங்கே சொல்லப்படுகின்றன. வள்ளலின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது ஆற்றுப்படை ஆகாது என்பது இதனால் விளங்கும்.

இன்றைய உரையில் இருபதாம் நூற்றாண்டில், தமிழ் வழங்காத ஒரு நிலத்தில், இந்தப் பணியைச் செய்த ஒரு பெண் கலைஞரை அறிமுகப்படுத்த விரும்புகிறோம். அவர் அமெரிக்காவின் கிட்டி கார்லைல் ஹார்ட். மேடைப் பாடகர், நடிகை, தொலைக்காட்சி வழியே வீடுதோறும் அறியப்பட்டவர். பின்னர் இருபது ஆண்டுகள் நியூயார்க் மாநிலக் கலை மன்றத்தின் தலைவராக இருந்தவர். ஆற்றுப்படை என்னும் சொல்லை அவர் கேட்டிருக்கமாட்டார். எனினும் அவர் வாழ்வை விளக்க நம் மொழியில் இதனினும் பொருத்தமான சொல் இல்லை என்பது நம் கருத்து.

குரலுக்கான போராட்டம்

கிட்டி 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேத்தரின் கான். தந்தை மருத்துவர். மகள் சிறுமியாக இருந்தபோதே அவர் காலமானார். தாய் மகளை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். உயர்குடி மணமகன் ஒருவனுக்கு மகளை மணமுடிக்க வேண்டும் என்பது தாயின் எண்ணம். அந்த எண்ணம் நிறைவேறவில்லை. ஆனால் மகளுக்கு நல்ல கல்வி கிடைத்தது. சுவிட்சர்லாந்திலும் பாரிசிலும் லண்டனிலும் பயின்றார். லண்டனின் அரச நாடகக் கலைக்கழகத்தில் நடிப்புப் பயிற்சி பெற்றார். 1932இல் நியூயார்க் திரும்பி மேடையேறினார்.

1935இல் வெளிவந்த ‘எ நைட் அட் தி ஆப்ரா’ என்னும் திரைப்படம் இன்றும் பேசப்படுவது. மார்க்ஸ் சகோதரர்களின் நகைச்சுவைப் படமாகிய அதில் கிட்டி இசைநாடகப் பாடகியாக நடித்தார். படப்பிடிப்பின்போது, வேறொருவர் பாடிய ஒலிப்பதிவுக்கு அவர் வாயசைத்தால் போதும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னணிக் குரலுக்குப் பழகிய நம்மவர்க்கு இது இயல்பானதாகத் தோன்றலாம். முறையாக இசை பயின்ற கிட்டி இதற்கு உடன்படவில்லை. படப்பிடிப்பை விட்டு வெளியேறித் தம் குரலுக்காகப் போராடினார். இறுதியில் அவர் குரலே படத்தில் ஒலித்தது.

அப்போது அவருக்கு 25 வயதும் நிரம்பவில்லை. பெரிய திரைப்பட நிறுவனத்தின் முன் அவர் புதியவர். முகம் தம்முடையது, குரல் பிறருடையது என்ற ஏற்பாட்டை அவர் ஏற்றிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். மொழியியல் பயின்ற நமக்கு இந்த நிகழ்ச்சி ஒரு தொடக்கப்புள்ளி. ஒருவர் தமக்காகப் பேசும் உரிமையைக் காத்துக்கொண்ட பின்னரே பிறருக்காகப் பேசும் தகுதியைப் பெறுகிறார்.

மேடையை அவர் கைவிடவில்லை. 1948இல் பெஞ்சமின் பிரிட்டன் இயற்றிய ‘தி ரேப் ஆஃப் லுக்ரீஷியா’ என்னும் இசைநாடகம் பிராட்வேயில் அரங்கேறியபோது தலைமைப் பாத்திரத்தை ஏற்றார். 1933இல், ஸ்ட்ராவுசின் ‘டீ ஃப்ளெடர்மௌஸ்’ இசைநாடகத்தைத் தழுவிய ‘ஷாம்பெயின் செக்’ என்னும் நாடகத்தில், ஆர்லோஃப்ஸ்கி என்னும் இளவரசனாக ஆண்வேடம் பூண்டிருந்தார். 33 ஆண்டுகள் கழித்து, 1966ஆம் ஆண்டின் இறுதி நாளில், அதே பாத்திரத்தில் மெட்ரோபாலிட்டன் ஆப்ராவின் மேடையில் முதன்முறையாகத் தோன்றினார். அப்போது அவருக்கு 56 வயது. பெரும்பாலான பாடகர் மேடையிலிருந்து இறங்கும் பருவத்தில் அவர் அந்நாட்டின் தலையாய இசைநாடக மேடையில் ஏறினார்.

கேள்வி கேட்கும் கலை

1946இல் கிட்டி நாடக ஆசிரியர் மோஸ் ஹார்ட்டை மணந்தார். மோஸ் ஹார்ட் வறிய குடும்பத்தில் பிறந்து நாடகத்தால் உயர்ந்தவர். ஜார்ஜ் காஃப்மனோடு இணைந்து எழுதிய நாடகத்துக்காக 1937இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1956இல் பிராட்வேயில் அரங்கேறிய ‘மை ஃபேர் லேடி’யை இயக்கியவரும் அவரே. அந்நாடகத்தின் நாயகன் ஓர் ஒலியியல் அறிஞன் என்பதால் மொழியியலார்க்கு அதன்மேல் தனி ஈடுபாடு உண்டு. ஒருவரின் உச்சரிப்பைக் கொண்டு சமுதாயம் அவரை எடைபோடுவதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன நாடகம் அது.

1961 டிசம்பரில் மோஸ் ஹார்ட் காலமானார். கிட்டிக்கு அப்போது 51 வயது. மகனும் மகளும் அவர் பொறுப்பில் இருந்தனர். அக்காலத்தில் அவரை நாடறியச் செய்தது தொலைக்காட்சி. 1956இல் தொடங்கிய ‘டு டெல் த ட்ரூத்’ என்னும் நிகழ்ச்சியில் மூவர் வந்து நிற்பர். மூவரும் தம்மை ஒரே பெயரினராகக் கூறிக்கொள்வர். ஒருவரே உண்மையானவர், அவர் உண்மையையே சொல்ல வேண்டும். மற்ற இருவரும் பொய் சொல்லலாம். நால்வர் குழு வினாக்களைத் தொடுத்து உண்மையானவரைக் கண்டறிய முயலும். அந்தக் குழுவில் கிட்டி நெடுங்காலம் அமர்ந்திருந்தார்.

இது பொழுதுபோக்கு நிகழ்ச்சிதான். ஆயினும் அதில் ஒரு பயிற்சி உண்டு. எதிரே நிற்பவர் மனம் நோகாமல், பார்ப்பவர் முகம் சுளிக்காமல், குறுகிய நேரத்தில் சரியான வினாவைக் கேட்க வேண்டும். கிட்டியின் வினாக்களில் நயத்தக்க நாகரிகம் இருந்தது. அந்நிகழ்ச்சியால் அவர் முகம் அறியாதார் இல்லை என்னும் நிலை உருவாயிற்று. இந்த அறிமுகத்தைத் தமக்கென மட்டும் வைத்துக்கொள்ளாமல், பின்னர் மற்றக் கலைஞருக்காகச் செலவிட்டதே அவர் வாழ்வின் திருப்பம்.

மன்றத்தின் தலைமையில்

நியூயார்க் மாநிலக் கலை மன்றம் 1960இல், நெல்சன் ராக்கஃபெல்லர் ஆளுநராக இருந்த காலத்தில் தோன்றியது. அமெரிக்க நடுவண் அரசு தேசியக் கலை நிதியத்தை 1965இல்தான் நிறுவியது. நாட்டுக்கு முன்னோடியாக ஒரு மாநிலம் நடந்தது எனலாம். கிட்டி 1971இல் அம்மன்றத்தின் உறுப்பினரானார். 1976இல் ஆளுநர் ஹியூ கேரி அவரைத் தலைவராக்கினார். 1996வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் தலைமையேற்ற காலம் எளிய காலம் அன்று. அதற்கு முந்திய ஆண்டு நியூயார்க் நகரம் வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையின் விளிம்புக்கு வந்திருந்தது. காவலர், துப்புரவுப் பணியாளர், ஆசிரியர் எனப் பல்லாயிரவர் வேலை இழந்தனர். அத்தகைய வேளையில் நடனக் குழுவுக்கும் நாடகக் குழுவுக்கும் பொதுப்பணம் வேண்டும் என்று கேட்பது எளிதா? வேலை இழந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து, என் வகுப்பறைக்கு இல்லாத பணம் இந்த மேடைக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டால் என்ன விடை சொல்வது? கலைக்காகப் பரிந்து பேசும் எவரும் இந்த வினாவைக் கடந்தே செல்ல வேண்டும்.

இவ்வினாவுக்குப் பொதுவாக இருவகை விடைகள் தரப்படுகின்றன. கலையால் வணிகம் பெருகும், சுற்றுலாப் பயணியர் வருவர், உணவகங்களும் விடுதிகளும் நிறையும் என்பது ஒன்று. பிராட்வே உள்ள நகரில் இவ்விடைக்கு வலிமை உண்டு. ஆனால் இதை மட்டும் நம்பினால் ஆபத்தும் உண்டு. நாளை ஒரு கடைத்தொகுதி அதிக வருவாய் தரும் என்று கணக்குக் காட்டினால், நாடக அரங்கை இடித்து அதைக் கட்டலாம் என்றாகிவிடும். கலை மக்களின் பொதுவுடைமை. நூலகத்தைப்போல, பள்ளியைப்போல அது எல்லார்க்கும் எட்ட வேண்டும் என்பது மற்றொரு விடை. இவ்விடை சொல்லளவில் நின்றால் எவரும் நம்பமாட்டார். நம்ப வேண்டுமானால் பணம் மாநகரத்தின் பெரிய அரங்குகளோடு நின்றுவிடாமல் சிற்றூருக்கும் சென்றுசேர வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் 62 மாவட்டங்கள் உள்ளன. மக்கள்தொகைக்கு ஏற்ப ஒவ்வொரு மாவட்டத்திற்கும் கலை நிதியில் ஒரு பங்கு என்னும் ஏற்பாடு 1970களில் சட்டத்தில் இடம்பெற்றது. 1977இல் மன்றம் ஒரு பரவலாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. உள்ளூர்க் கலை அமைப்புகளிடம் ஒரு தொகையை ஒப்படைத்து, அவற்றின் வழியே சிறு குழுக்களுக்கும் தனிக் கலைஞருக்கும் வழங்கும் திட்டம் அது. யாருக்கு வழங்குவது என்பதை ஆராயத் துறையறிந்தோர் குழுக்கள் இருந்தன. கிட்டி மாநிலம் முழுதும் பயணம் செய்து சிற்றூர்களின் கலைக் குழுக்களைக் கண்டார். தலைநகரமாகிய ஆல்பனியில் சட்டமன்ற உறுப்பினர்களை ஆண்டுதோறும் சந்தித்து நிதிக்காக வாதாடினார்.

ஆண்டுதோறும் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே குறிப்பிடுகிறோம். அரசின் வரவு செலவுத் திட்டம் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதப்படுவது. சென்ற ஆண்டு வென்ற வாதம் இந்த ஆண்டு செல்லாது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபோது மன்றத்தின் நிதி கடுமையாக வெட்டப்பட்டது. அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாதாட வேண்டியிருந்தது, வாதாடினார். 1991இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியக் கலைப் பதக்கம் வழங்கியது.

செல்வமே சான்றா?

இங்கே ஒரு மறுப்புரை எழலாம். கிட்டி உயர்குடி விருந்துகளில் பட்டும் மணியும் அணிந்து தோன்றியவர். பசித்த கலைஞனின் பாடு அவருக்கு எவ்வாறு தெரியும்? நேர்மையான வினா இது. ஆற்றுப்படையிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. பரிசில் பெற்ற பாணன் பொற்றாமரை சூடி வருகிறான். விறலி பொன்மாலை அணிந்து வருகிறாள். அந்தப் பொலிவே எதிரே வருபவனுக்கு நம்பிக்கை தருகிறது. இந்த வழி உண்மையில் ஓரிடத்தில் சென்று சேர்கிறது என்பதற்கு அது சான்று. பெற்றவர் பொலிவோடு இருப்பதில் குற்றம் இல்லை. பெற்றபின் நில்லாமல் போவதே குறை.

சங்கப் பாடல்களுக்கும் கிட்டியின் பணிக்கும் இரண்டு வேறுபாடுகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, புறநானூற்றில் விறலியாற்றுப்படைத் துறையில் அமைந்த பாடல்களில் விறலி வழி சொல்லப்படுபவள், சொல்பவர் புலவர். கிட்டியோ வழி சொல்லும் விறலி. இரண்டாவது வேறுபாடு இதனினும் பெரிது. ஆற்றுப்படையின் புரவலன் மன்னன். அவனிடம் செல்பவர் அவனைப் பாட வேண்டும். மக்கள் வரிப்பணம் புரவலாகும்போது கலைஞர் யாரையும் புகழ வேண்டுவதில்லை. புகழ்ந்தால்தான் பணம் என்னும் நிலை வந்தால் கலை முகமன் உரையாகிவிடும். ஆட்சியாளருக்கும் கலைஞருக்கும் இடையே ஒரு மன்றமும், அதில் துறையறிந்தோர் குழுவும் நிற்பதன் பயன் இதுவே.

கேட்கும் மொழி

இப்போது நம் துறைக்கு வருவோம். புரவலர், இரவலர் என்னும் இரு சொற்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. இர என்பது இரத்தல். புர என்பது காத்தல். புரவலர் என்ற சொல்லின் வேரில் கொடுத்தல் இல்லை, காத்தல் இருக்கிறது. கலைக்குப் பணம் தருபவர் கலையைக் காப்பவர் என்பது நம் முன்னோர் சொல்லிலேயே பதித்துவைத்த கருத்து.

இன்று நாம் மானியம் என்கிறோம். மதிப்பு என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து பிறந்து, சிறப்புச் செய்து அளிக்கப்பட்ட வரியில்லா நிலத்தைக் குறித்த சொல் அது. இன்றோ அரிசிக்கும் உரத்திற்கும் தரும் விலைச் சலுகை என்ற பொருளே பெரிதும் நினைவுக்கு வருகிறது. நல்கை என்னும் மற்றொரு சொல்லும் வழக்கில் உண்டு. நல்குதல் விரும்பிக் கொடுத்தல். உதவி என்று எழுதினால் கேட்பவர் தாழ்ந்து நிற்கிறார்; நல்கை என்று எழுதினால் இருவரும் சமமாக அமர்கின்றனர். சொல் மாறினால் பணம் கூடும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பவரின் முதுகு நிமிரும் என்றே சொல்கிறோம்.

பரிந்துரை என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். பரிந்து உரைப்பது பரிந்துரை. அதில் பரிவு முன்னும் உரை பின்னும் நிற்கின்றன. வாதத் திறமை இருந்து பரிவு இல்லாதவரின் பேச்சு வழக்காடுதலோடு முடியும். பரிவு இருந்து உரை இல்லாதவரின் அன்பு வீட்டுக்குள் முடங்கும். இரண்டும் கூடியது கிட்டியின் பணி.

நம் பொறுப்பு

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. 1991 முதல் தேசியக் கலைகள் மன்றம் இங்கே இயங்கி வருகிறது. அரங்குகள் உள்ளன, நல்கைத் திட்டங்களும் உள்ளன. ஆனால் ஆட்சிமொழி என்னும் தகுதி தானே ஒரு நாடகத்தை மேடையேற்றிவிடாது. எழுதுபவர், நடிப்பவர், இருக்கையில் அமர்ந்து பார்ப்பவர் ஆகிய மூவரும் வேண்டும். இவர்களை இணைக்க, வழி தெரிந்த நான்காமவர் ஒருவரும் வேண்டும்.

அந்த நான்காமவர் பலர் இந்த அவையிலேயே இருக்கின்றனர். மேடையில் நடித்தவர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் குரல் கொடுத்தவர், பள்ளி நாடகங்களை ஆண்டுக்கணக்கில் பயிற்றுவித்தவர் எனப் பலரை நாம் அறிவோம். பணி ஓய்வு பெற்றதும் அவர்தம் பட்டறிவும் ஓய்வு பெற்றுவிடுகிறது. விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுவது, செலவுக் கணக்கை எவ்வாறு காட்டுவது, ஒத்திகைக்கு இடம் எங்கே கேட்பது, பிறர் எழுதிய நாடகத்திற்கு எவ்வாறு இசைவு பெறுவது என்பன அவர்களுக்குத் தெரியும். மலைபடுகடாத்தின் கூத்தன் சொன்னது இத்தகைய செய்திகளைத்தான். கால் வழுக்கும் இடம் எது என்று சொல்வதற்குப் பெரும்பதவி தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் இது. ஆற்றுப்படை இலக்கணத்தைப் பயிற்றும் நாளில், உங்கள் மாணவரிடம் ஒரு பயிற்சியைக் கொடுங்கள். இவ்வூரில் தமிழ் நாடகம் ஒன்றை மேடையேற்ற விரும்பும் இளைஞருக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை ஒன்றை உரைநடையில் எழுதச் சொல்லுங்கள். உண்மையான அரங்கு, உண்மையான விண்ணப்பம், உண்மையான செலவு ஆகியவை அதில் இருக்கட்டும். எழுத வேண்டுமானால் அவர்கள் மூத்த கலைஞர் ஒருவரிடம் சென்று கேட்டாக வேண்டும். அந்தச் சந்திப்பே பாடத்தின் பயன்.

மாணவர்களே, கிட்டி கார்லைல் ஹார்ட் தம் வாழ்வின் இறுதிக் காலம்வரை மேடையில் பாடினார். 2007 ஏப்ரல் 17ஆம் நாள், 96ஆம் வயதில் மறைந்தார். ஆல்பனியில் ‘தி எக்’ என்னும் கலையரங்கத்தின் ஓர் அரங்கு இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அங்கே ஏறும் இளங்கலைஞருள் பலர் அவர் பாடியதைக் கேட்டிருக்கமாட்டார்கள். அவர் யாரென்றும் அறியாதிருக்கலாம். ஆற்றுப்படையில் வழி கேட்டுச் சென்ற பாணனும், வழி சொன்னவனை மீண்டும் கண்டானா என்று பாட்டு நமக்குச் சொல்வதில்லை. அவன் போய்ச் சேர்ந்தால் போதும் என்பதே வழி சொன்னவனின் எண்ணம்.